உறைந்ததா, உருகியதா? பேட்டரி இல்லாத டேக்கும் அதன் மாற்றுகளும்

உறைந்தால் வீணாகும் மருந்தைக் காப்பவர் ஒருவர். உருகினால் கெட்டுப்போகும் மீனை அனுப்புபவர் இன்னொருவர். காற்றாலை இறக்கையில் பனி ஏறுகிறதா என்று கவனிப்பவர் மூன்றாமவர். குளிரறையைக் குளிர்விக்கும் காயில் என்ற குழாய்ச் சுருளைப் பனி மூடிக் காற்றோட்டம் அடைபடாமல் பார்த்துக்கொள்பவர் நான்காமவர். நால்வரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "பேட்டரியே இல்லாமல் ரேடியோ அலையில் பதில் சொல்லும் சின்ன ஒட்டு, வயர்லெஸ் டேக் என்கிறார்களே, அதை வாங்கலாமா? பழையபடி, வெப்பநிலையைப் பதிவுசெய்துகொண்டே போகும் டேட்டா லாகரே போதுமா?"

கேள்வி ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. "இப்போது உறைந்திருக்கிறதா?" என்பது ஒன்று. "நான் பார்க்காத நேரத்தில் எப்போதாவது உறைந்ததா?" என்பது மற்றொன்று. பேட்டரி இல்லாத டேக் முதல் கேள்விக்கு வேறெந்தக் கருவியையும்விட நேரடியான விடை தரும். இரண்டாவது கேள்விக்கு அதனிடம் பெரும்பாலும் விடை இருக்காது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, "டேக் சரியில்லை" என்று வருந்துபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

வெப்பநிலை வேண்டுமா, நிலை வேண்டுமா? தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும் என்று பள்ளியில் படித்தது முழுக்கதை இல்லை. பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும் என்பது உறுதி. ஆனால் தண்ணீர் அதற்குக் கீழே போயும் திரவமாகவே நிற்கக்கூடும். படிகம் தொடங்க ஒரு தூசியோ கீறலோ வேண்டும். அது கிடைக்காத மிகச் சிறிய தூய துளிகள் மைனஸ் 38 டிகிரி வாக்கில்தான் உறைகின்றன. உப்பும் சர்க்கரையும் உறைநிலையை இன்னும் கீழே தள்ளும். கடல்நீர் சுமார் மைனஸ் 1.9 டிகிரியில் உறையத் தொடங்குகிறது. மீன் தசையில் உறைதல் மைனஸ் 1, 2 டிகிரி வாக்கில் தொடங்கினாலும், மைனஸ் 5-லும் ஒரு பங்கு நீர் உறையாமலே இருக்கும். ஆகவே மைனஸ் 2 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது நீரா கட்டியா என்று சொல்ல முடியாது.

இப்போதா, எப்போதாவதா? ஒரு கோப்பை நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, ஃப்ரீசரில் விட்டுவிட்டு வெளியூர் போகும் உத்தி பலருக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் மின்சாரம் போய் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த நாணயம் ஒரு நினைவு. நீங்கள் வாங்கப்போகும் கருவியில் அப்படி ஒரு நாணயம் இருக்கிறதா?

ரீடர், அதாவது டேக்குக்கு அலை அனுப்பி அதன் பதிலைப் படிக்கும் கருவி, எங்கே நிற்கும்? பேட்டரி இல்லாத டேக்கின் உயிரே ரீடர் அனுப்பும் அலைதான். ரீடருக்கு மின்சாரம் உண்டா, டேக்குக்கும் அதற்கும் நடுவில் உலோகமோ நீரோ நிற்கிறதா, தூரம் எவ்வளவு என்பதை முதலிலேயே தாளில் வரைந்து பார்க்க வேண்டும்.

கை எட்டுமா? சுழலும் பாகம், சுவருக்குள் புதைந்த குழாய், உயர்மின்னழுத்தக் கம்பி, மூடி முத்திரையிட்ட பெட்டி ஆகியவற்றில் பேட்டரி மாற்றப் போவது சிரமம், சில இடங்களில் ஆபத்தும்கூட. எத்தனை இடங்கள், எத்தனை ஆண்டுகள் என்ற கணக்கையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் தவறினால் நட்டம்? உறையாததை உறைந்தது என்று சொன்னால் நல்ல சரக்கு குப்பைக்குப் போகும். உறைந்ததை உறையவில்லை என்று சொன்னால் கெட்ட சரக்கு ஒருவர் உடலுக்குள் போகும். எந்தத் தவறை உங்களால் தாங்கவே முடியாது என்று முடிவுசெய்த பிறகே கருவிகளின் பட்டியலைத் திறக்க வேண்டும்.

## ரேடியோ அலைக்கு நீரும் பனிக்கட்டியும் எப்படித் தெரிகின்றன

இந்த இயற்பியலை ஒருமுறை புரிந்துகொண்டால், விற்பனைத் தாள்களில் எதை நம்பலாம் என்பது தானே விளங்கும்.

நீர் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் நேர்மின் சாயல், மறுபக்கம் எதிர்மின் சாயல். திரவத்தில் அது மின்புலம் திரும்பும் திசைக்கெல்லாம் தானும் திரும்புகிறது. மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதைச் சொல்லும் எண் மின்காப்பு மாறிலி. இப்படித் திரும்புவதால் 0 டிகிரி நீருக்கு அது சுமார் 88. உறைந்ததும் மூலக்கூறு படிகத்தில் பூட்டப்பட்டுவிடும். டேக்குகள் பேசும் அதிர்வெண்களில் பனிக்கட்டியின் மாறிலி சுமார் 3.2 மட்டுமே. ஏறக்குறைய 27 மடங்கு வீழ்ச்சி. வெப்பநிலை ஒரு டிகிரி மாறும்போது சென்சாரில் விழும் சின்ன மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு நுணுக்கம். பனிக்கட்டியிலும் மூலக்கூறுகள் திரும்பத்தான் செய்கின்றன, ஆனால் மிக மெதுவாக. கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே போனால் பனிக்கட்டியின் மாறிலியும் 90-ஐத் தாண்டிவிடும். திரவ நீரோ, 0 டிகிரியில் சுமார் 9 கிகாஹெர்ட்ஸ் வரை புலத்தோடு ஓடி ஈடுகொடுக்கும். டேக்குகள் பயன்படுத்தும் 13.56 மெகாஹெர்ட்ஸ், 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ், 2.45 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று பட்டைகளும் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் விழுகின்றன. நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு இது.

அலையை உறிஞ்சும் குணமும் மாறுகிறது. நீர் அலையை விழுங்கும். பனிக்கட்டி ஏறத்தாழ அப்படியே விட்டுவிடும். அண்டார்டிக்காவில் 3, 4 கிலோமீட்டர் தடிமனுள்ள பனிப்படலத்தின் அடித்தரையை ரேடார் கொண்டு வரைபடமாக்க முடிவது இதனால்தான். 2015 ஜனவரியில் நாசா ஏவிய எஸ்மேப் செயற்கைக்கோள், மண் உறைந்திருக்கிறதா உருகியிருக்கிறதா என்பதை விண்ணிலிருந்து கண்டறிவதும் இதே வேறுபாட்டை வைத்துத்தான். அதன் ரேடார் அதே ஆண்டு ஜூலையில் நின்றுபோனது. பிறகு 1.41 கிகாஹெர்ட்ஸில் பூமி இயல்பாக வெளியிடும் அலையைக் கேட்டே வேலை தொடர்ந்தது.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு விளைவு, முதன்முதலில் சோதித்துப் பார்ப்பவர்களை வியக்க வைக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் தூய நீர் குளிரக் குளிர இன்னும் அதிகமாக உறிஞ்சும். 0 டிகிரி நீர், 25 டிகிரி நீரைவிட ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே தண்ணீர்ப் புட்டியில் ஒட்டிய டேக்கின் குரல் குளிரும்போது தேய்ந்துகொண்டே போகும், உறைவதற்குச் சற்று முன்னால் அடியோடு அடங்கிவிடவும் கூடும், உறைந்து முடிந்ததும் திடீரென்று உரக்கக் கேட்கும். உருகத் தொடங்கியதும் மெல்லிய நீர்ப்படலமே அதை மறுபடி அடக்கிவிடும். உறைந்த பொருளோடு பேசுவது எளிது, ஈரமான பொருளோடு கடினம். பேட்டரி இல்லாத டேக்குகளின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன.

## சாதாரண யுஎச்எஃப் டேக்: ஆன்டெனாவே சென்சார்

துணிக்கடை, கிடங்கு எங்கும் ஒட்டப்படும் அதே மலிவான ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையில் தன் அடையாளத்தைச் சொல்லும்) ஸ்டிக்கர்தான் இது. யுஎச்எஃப் என்பது மேலே சொன்ன 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் பட்டை. சென்சார் என்று தனியாக எதுவும் கிடையாது. ஆன்டெனாவைச் சுற்றியுள்ள பொருள் மாறினால் அதன் ஒத்ததிர்வு, அதாவது ஆன்டெனா மிக நன்றாகப் பேசும் அதிர்வெண், இடம்பெயரும். டேக்கை விழிக்கச் செய்ய ரீடர் எவ்வளவு ஆற்றல் செலுத்த வேண்டியிருக்கிறது, திரும்பி வரும் அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது, அதன் கட்டம் (அலையின் ஏற்ற இறக்கம் வந்து சேரும் நிலை) எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற மூன்றையும் ரீடரே அளந்து, உறைந்ததா இல்லையா என்று ஊகிக்கிறது.

விலை இதன் பெரிய பலம். ஆயிரம் டேக்குகளை வாங்கினாலும் நிலையாகப் பொருத்தும் ஒரு ரீடரின் விலையை எட்டாது. டேக்கின் சிப் 10 மைக்ரோவாட்டுக்கும் குறைந்த ஆற்றலில் விழித்துக்கொள்வதால், தடையில்லாத இடத்தில் பத்து மீட்டர் தூரத்திலிருந்தும் படிக்கலாம்.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் பல. முதலாவது, மௌனத்துக்குப் பொருள் சொல்வது. டேக் பதில் தரவில்லை என்றால் அது ஈரமாக இருக்கலாம், ஒட்டு கழன்று விழுந்திருக்கலாம், நடுவில் ஒரு உலோகத் தள்ளுவண்டி நிற்கலாம், ரீடரின் கேபிளே கழன்றிருக்கலாம். இதற்குத் தீர்வு இரட்டை டேக். ஒன்று பனி படும்படி திறந்தும், மற்றொன்று நீரும் பனியும் நெருங்காதபடி நல்ல தடிமனான நுரைக்குள் மூடியும், பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் மௌனமானால் வழியில் கோளாறு. மூடியது பேசி, திறந்தது மட்டும் மௌனமானால் ஈரம். இந்த இரட்டை ஏற்பாடு இல்லாத எந்த அமைப்பையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, அளவுத்திருத்தம். சுவரும் தரையும் அலையைத் திருப்பி அனுப்புவதால் ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கே உரிய ஒரு சாயல் இருக்கும். உலர்ந்த நிலை, ஈரநிலை, உறைந்த நிலை என்று ஒவ்வொரு டேக்குக்கும் மூன்று அளவுகளைத் தனித்தனியாக எடுத்துப் பதிய வேண்டும். நாற்பது டேக் என்றால் நூற்றிருபது அளவுகள். டேக்கின் விலையைக் கூட்டிப் பார்ப்பவர்கள் இந்த உழைப்பைக் கூட்ட மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, அதிர்வெண் விதி. அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமான பட்டை. ஒத்ததிர்வு எவ்வளவு நகர்ந்தது என்று பல இடங்களில் தொட்டுப் பார்க்கலாம். ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் புழங்குவது 865 முதல் 868 வரையிலான குறுகிய பட்டை. அதில் அதிர்வெண்ணை நகர்த்திப் பார்க்க இடம் குறைவு. ஆற்றலை ஏற்றியும் இறக்கியும்தான் அளக்க வேண்டும். ஒரு நாட்டில் அருமையாக வேலை செய்ததைக் கேள்விப்பட்டு இன்னொரு நாட்டில் வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

இனி, உறைபனி. காயிலில் வெண்பஞ்சுபோல் படியும் பனியில் பெரும்பகுதி காற்றுதான். அதன் மாறிலி 1.5-ஐ ஒட்டியே இருக்கும். ஆன்டெனா அதை ஏறக்குறையக் காற்றாகவே கொள்ளும். டிஃப்ராஸ்ட், அதாவது பனியை உருக்கி நீக்கும் வேலை, தொடங்கி அது ஈரமாகும் கணம்தான் தெளிவாகத் தெரியும். உறைபனி சேருவதைவிட அது உருகுவதையும், உருகி வடிந்து முடிந்ததையும் சொல்லவே இந்த டேக் பொருத்தம்.

## சென்சார் சிப் உள்ள யுஎச்எஃப் டேக்

இதில் இரண்டு வகை. சில சிப்புகள் வெப்பநிலையை அளந்து எண்ணாகச் சொல்லும். வேறு சில, ஆன்டெனா எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத் தாமே உணர்ந்து, உள்ளே உள்ள மின்தேக்கிகளைக் கூட்டியும் குறைத்தும் ஈடுசெய்து, எவ்வளவு ஈடுசெய்தோம் என்பதை ஒரு குறியீடாக அனுப்பும். இரண்டும் ஒரே சிப்பில் கிடைப்பதும் உண்டு. என் கணிப்பில், உறைவுக்கும் உருகலுக்கும் இன்று கிடைக்கும் பேட்டரி இல்லாத வழிகளில் மிகச் சிறந்தது இந்த இணைந்த வகைதான்.

காரணம் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ 0 டிகிரி பனிக்கட்டியை 0 டிகிரி நீராக்க 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பம் அந்த நீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடும். அதனால் உறையும்போதும் உருகும்போதும் வெப்பநிலைக் கோடு நீண்ட நேரம் 0 டிகிரியை ஒட்டிச் சமதளமாக ஓடும். வெப்பநிலை மட்டும் தெரிந்தால், அந்தச் சமதளத்தின் நடுவில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. ஆன்டெனாக் குறியீடும் கூடவே வந்தால் தெரியும். மீக்குளிர்ந்த நீர், அதாவது 0 டிகிரிக்குக் கீழும் திரவமாக நிற்கும் நீர், சட்டென்று உறையும் கணத்தில் வெப்பநிலை கீழிருந்து 0 டிகிரிக்குத் தாவும். குறியீடும் அதே நேரத்தில் மாறும். இரண்டு சாட்சிகள் ஒரே கதையைச் சொல்லும்போது தைரியமாக நம்பலாம்.

விலை சாதாரண டேக்கைவிடப் பல மடங்கு. வெப்பநிலை அளக்க அதிக ஆற்றல் தேவைப்படுவதால் எட்டும் தூரமும் சுருங்கும்: பத்து மடங்கு ஆற்றல் கேட்டால் தூரம் மூன்றில் ஒரு பங்காகும். டேக் 0 டிகிரி அருகே ஒரு டிகிரி தவறாகக் காட்டினால் அந்தத் தவறே உங்கள் கேள்வி முழுவதையும் விழுங்கிவிடும். ஆகவே, உருகும் பனிக்கூழில் டேக்கை நன்கு மூடி முக்கி, அது 0 காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். இதைவிட மலிவான, நம்பகமான சோதனை கிடையாது.

டேக் இருக்கும் இடமும் முக்கியம். ஆன்டெனா தன்னைச் சுற்றிச் சில சென்டிமீட்டரை மட்டுமே உணர்கிறது. பெட்டி வெளியிலிருந்து உள்நோக்கி உறையும், உருகுவதும் அப்படியே. வெளிச்சுவரில் ஒட்டிய டேக் "உறைந்தது" என்று சொல்லும்போது நடுப்பகுதி திரவமாக இருக்கலாம். "உருகியது" என்று சொல்லும்போது நடுப்பகுதி கல்லாக இருக்கலாம். முன்கூட்டி எச்சரிக்கை வேண்டுவோருக்கு இது வரம். முழுக்க உறைந்துவிட்டதா என்று கேட்பவருக்கு இது பொய்.

## என்எஃப்சி டேக்

செல்பேசியை அருகில் வைத்தால் படிக்கும் வகை. 13.56 மெகாஹெர்ட்ஸில் காந்தப்புலம் வழியாக வேலை செய்வதால் நீர் இதை அவ்வளவாகப் பாதிக்காது. ஈரத்திலும் படிக்கலாம் என்பது பலம். அதே காரணத்தால், ஆன்டெனாவே பனியை உணரும் என்று எதிர்பார்க்க முடியாது. சீப்புப் பற்கள்போல் கோத்த இரு மின்முனைகளை சிப்போடு இணைத்து, அவற்றின் இடையே மின்தேக்குதிறனை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறனை, அளக்க வேண்டும். செல்பேசி தரும் ஆற்றல் அந்த அளவீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

தனி ரீடர் வாங்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு டேக்கிடமும் ஒரு மனிதர் நடந்துபோய், சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் செல்பேசியை நீட்ட வேண்டும். பத்துப் பெட்டிக்குச் சரி, ஆயிரம் பெட்டிக்குக் கூலி தாங்காது. உலோகத்தின்மேல் ஒட்ட, காந்தப்புலத்தை உலோகம் கெடுக்காமல் தடுக்கும் ஃபெரைட் தாள் கட்டாயம்.

## மேற்பரப்பு ஒலி அலை டேக்

லித்தியம் நையோபேட் போன்ற படிகத்தின் மேற்பரப்பில் ரேடியோ அலை ஒலியலையாக மாறி ஓடி, மீண்டும் ரேடியோ அலையாகத் திரும்பும். சிப்பும் இல்லை, விழிக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல் என்ற வரம்பும் இல்லை. பக்கவாட்டில் அதிரும் அலையைத் திரவம் தாங்காது, பனிக்கட்டி தாங்கும். அந்த வேறுபாட்டைப் பிடித்தால் மேலே இருப்பது நீரா கட்டியா என்று நேரடியாகவே தெரிந்துவிடும். கடுங்குளிர், அதிக வெப்பம், உயர்மின்னழுத்தம் எதற்கும் அஞ்சாது. ரீடர் விலை அதிகம், விற்பவர்கள் குறைவு, ஒரே இடத்தில் அடையாளம் பிரித்தறியக்கூடிய டேக்குகளின் எண்ணிக்கையும் குறைவு. மற்றதெல்லாம் கைவிட்ட பிறகு இதற்கு வாருங்கள்.

## பேட்டரி உள்ள டேட்டா லாகர்

ரீடர் அருகில் இல்லாத நேரத்திலும் விழித்திருந்து எழுதிவைப்பது இது ஒன்றுதான். சரக்கு ஏறிய கணத்திலிருந்து இறங்கும் கணம்வரை நிமிடக் கணக்கில் சான்று. தடுப்பூசிக்கென்றே உள்ள மின்னணு உறைவுக் காட்டி, மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே 60 நிமிடம் தொடர்ந்தால் எச்சரிக்கை எழுப்பி, அதை அழிக்க முடியாதபடி வைத்துக்கொள்ளும்.

குளிரில் பேட்டரி தளரும். பொத்தான் பேட்டரியின் உள்தடை குளிரில் ஏறுவதால், ரேடியோ பேசும் அந்த ஒரு நொடியில் மின்னழுத்தம் சரிந்து கருவி அணைந்துபோகலாம், பேட்டரியில் மின்சாரம் மீதமிருக்கும்போதே. ஆழ்குளிருக்கு மைனஸ் 55 டிகிரி வரை தாங்கும் லித்தியம் தயோனில் குளோரைடு வகை உண்டு, விலை கூடுதல். லித்தியம் என்பதால் விமானச் சரக்கில் தனி விதிகள். கருவி திரும்பி வர ஆகும் செலவும், வராமல் போனவற்றின் செலவும் தனி. இத்தனைக்குப் பிறகும் இது அளப்பது வெப்பநிலையை மட்டுமே. உறைந்ததா என்பது நம் ஊகம்.

## நிறம் மாறும் ஒட்டி

ஒருமுறை எல்லை மீறினால் நிறம் மாறி, அப்படியே நிற்கும். நாணய உத்தியின் நேர்வாரிசு. பேட்டரி, ரீடர், மென்பொருள் எதுவும் வேண்டாம், மலிவு. கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்பதும், எப்போது நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைச் சொல்லாது என்பதும் குறைகள். உறைவைக் காட்டுபவற்றை ஒட்டும் நாள்வரை குளிர் படாமல் வைத்திருக்க வேண்டும். உருகலைக் காட்டுபவற்றை அதற்கு நேர்மாறாக, உறைந்த நிலையில் வைத்தே செயலூட்ட வேண்டும். இதை மாற்றிச் செய்து ஒரு கட்டு ஒட்டிகளையும் மொத்தமாகப் பாழாக்குவது நடக்கிற விஷயம்.

இந்த நினைவைப் பேட்டரி இல்லாத டேக்கோடு சேர்க்கவும் முடியும். சில ஆர்எஃப்ஐடி சிப்புகளில், ஒரு மெல்லிய கம்பி வளையம் அறுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வசதி உண்டு. முத்திரை உடைந்ததா என்று அறிய வைத்தது அது. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறதே, அந்த விரிவே வளையத்தை அறுக்கும்படி செய்தால், அடுத்த முறை ரீடர் கேட்கும்போது டேக் "நடுவில் உறைந்தது" என்று சொல்லும். பேட்டரி இல்லாமலே ஒரு நாணயம். எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் திசை இது.

## ஒரே பார்வையில்

| | சாதாரண யுஎச்எஃப் | சென்சார் சிப் யுஎச்எஃப் | என்எஃப்சி | ஒலி அலை டேக் | டேட்டா லாகர் | நிறம் மாறும் ஒட்டி |
|---|---|---|---|---|---|---|
| உணர்வது | ஆன்டெனா அருகே நீரா, பனியா | வெப்பநிலை, நீர் அல்லது பனி | மின்முனை அருகே நீரா, பனியா | வெப்பநிலை, மேற்பரப்பின் நிலை | வெப்பநிலை | எல்லை மீறல் |
| ரீடர் இல்லாதபோது நினைவு | இல்லை | இல்லை | இல்லை | இல்லை | உண்டு | உண்டு, ஒரே ஒரு செய்தி |
| தூரம் | சில மீட்டர் முதல் பத்து வரை | அதைவிடக் குறைவு | சில சென்டிமீட்டர் | சில மீட்டர் | ரேடியோவைப் பொறுத்து | கண் பார்வை |
| ஈரத்தில் | குரல் அடங்கும் | குரல் அடங்கும், ஓரளவு ஈடுசெய்யும் | பெரிய பாதிப்பில்லை | குரல் தேயும் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |
| ஒன்றின் விலை | மிகக் குறைவு | நடுத்தரம் | குறைவு முதல் நடுத்தரம் | அதிகம் | அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | அளவுத்திருத்தம், இரட்டை டேக் | ரீடர்களின் எண்ணிக்கை | ஆள்கூலி | ரீடர், உதிரி கிடைப்பது | பேட்டரி, திரும்பி வரவு | தவறாக வைத்தல், கண்காணிப்பு |

## யாருக்கு எது

உறைந்தால் கெடும் மருந்து, பயணத்தில். ஹெபடைடிஸ் பி, டிபிடி போன்ற அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்தால் வீரியம் போகும், திரும்பாது. இங்கே கேள்வி "எப்போதாவதா" என்பது. டேட்டா லாகரோ மின்னணு உறைவுக் காட்டியோதான் வேண்டும். பேட்டரி இல்லாத டேக்கை நம்பி அனுப்பாதீர்கள்.

ஆனால் அதே வேலையில் டேக்குக்கு ஒரு அழகான இடம் இருக்கிறது. தடுப்பூசி உறைவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டிக்குள் வைப்பது. உள்ளே நீர் லேசாகக் குலுங்கும்வரை அதை வெளியே வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் இந்தக் காத்திருப்பு தவறிவிடுகிறது. ஐஸ் பேக்கின் மேல் சாதாரண யுஎச்எஃப் இரட்டை டேக், பெட்டி கட்டும் மேசையில் ரீடர் என்று வைத்தால், உறைந்த பேக் உரக்கப் பேசும், உட்சுவரில் நீர்ப்படலம் உருவானதும் குரல் சரியும். ரீடர் மேசையோடு இருக்கிறது, தூரம் ஒரு கை நீளம், கேள்வி "இப்போது" என்பது. வெளிப்புறம் வியர்க்கும் ஈரம் குழப்பாதபடி டேக்கின்மேல் நுரை ஒட்டினால் போதும். கையால் குலுக்கிப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம், மறப்பவருக்கு டேக் நினைவூட்டட்டும்.

உருகினால் கெடும் உணவு. சேமிப்புக் கிடங்கில், ரீடர் நிலையாக இருக்குமானால், சென்சார் சிப் டேக். வண்டியிலும் கப்பலிலும், லாகரோடு பெட்டிக்கு ஒரு உருகல் ஒட்டி. மீன், இறைச்சி போன்றவை ஒரே புள்ளியில் உறையாததாலும், உப்புள்ள மிச்ச நீர் அலையை உறிஞ்சுவதாலும், தூய நீரில் கண்ட கூர்மையான தாவலை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

காயிலும் குழாயும். நிலையான இடம், பல புள்ளிகள், ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு. பேட்டரி இல்லாத டேக்கின் சொந்த மண் இது. உலோகத்தின்மேல் ஒட்டுவதற்கென்றே இடைவெளித் தகடு வைத்துச் செய்த டேக்குகளை மட்டும் வாங்குங்கள். சாதாரண ஸ்டிக்கர் உலோகத்தில் பேசாது. ரீடரைக் குளிருக்கு வெளியே வைத்து, ஆன்டெனாவை மட்டும் கேபிள் வழியே உள்ளே கொண்டுபோங்கள்.

காற்றாலை இறக்கை. கம்பி இழுக்க முடியாத, சுழலும், மின்னல் தாக்கும் இடம். எல்லாம் டேக்குக்குச் சாதகமாகத் தோன்றும். ஆனால் பனி அதிகம் சேர்வது வேகமாகச் சுழலும் வெளிமுனைப் பக்கம். அது ரீடர் வைக்கக்கூடிய நடுமையத்திலிருந்து பல பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது. யுஎச்எஃப் டேக் அவ்வளவு தூரம் எட்டாது. இறக்கைக்குள்ளேயே ரீடர் ஆன்டெனாவைக் கொண்டுபோக முடியாவிட்டால் இந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. விமானங்களில் இன்றும் 40 கிலோஹெர்ட்ஸில் அதிரும் கம்பி இணைப்புள்ள முனையையே வைத்து, பனி ஏறினால் அதிர்வெண் குறைவதைப் பார்க்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கம்பி போகும் இடத்தில் கம்பியே மேல்.

## வாங்கும் முன் ஒரு வாரம்

சோதித்துப் பார்க்கப் பத்து டேக்கும் கடனாக வாங்கிய ஒரு ரீடரும் போதும். ஒரே மாதிரி மூன்று பிளாஸ்டிக் புட்டிகளில் ஒன்று காலி, ஒன்றில் குடிநீர், ஒன்றில் உங்கள் உண்மையான சரக்கு. டேக்குகளை அறை வெப்பத்தில் உலர்ந்த பரப்பில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிறகு குளிரில் வையுங்கள். ஏற்கெனவே குளிர்ந்த பரப்பில் ஒட்டினால் பசை பிடிக்காது, அடியில் பனி புகுந்து கழன்றுவரும். உறைய வைத்து உருக்கி மீண்டும் உறைய வைப்பதைக் குறைந்தது இருபது முறை செய்யுங்கள். சிப்பும் ஆன்டெனாவும் சேரும் இணைப்பு இந்த விரிவிலும் சுருக்கத்திலும்தான் உடையும். முதல் சுற்றில் வென்ற டேக் பதினைந்தாவது சுற்றில் செத்துப்போகலாம்.

ரீடர் பதிவில் மௌனத்தையும் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் வந்த பதில்களை மட்டுமே சேமிக்கும். கேட்டும் பதில் வராத நொடிகளை விட்டுவிடும். உருகும் கணம் அந்த விடுபட்ட நொடிகளில்தான் இருக்கிறது.